தொண்ணூற்றாறு மாத்திரைகள்

போன வருடம், கோடை முடிகிற சமயம். பட்டாபிராம் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடை. காலை ஏழு மணி பத்து நிமிடம்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரச் சோதனை பார்த்தவன். போல்ட் எண்ணிய பழக்கம், வீட்டுப் படியைக்கூட எண்ணாமல் ஏற வராது. அப்போது எனக்குக் குடலிறக்கம். அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும். ஆனால் ஹீமோகுளோபின் எட்டரைதான். பத்தைத் தொட்டால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தொட்டே தீர்வது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மென்றேன். சோறு எச்சிலில் கலந்து, இரைப்பையில் கூழாகி, சிறுகுடலின் சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் வழியாகத்தான் சத்து ரத்தத்தில் சேரும் என்று பள்ளியில் படித்தது மறக்கவில்லை. முருங்கைக்கீரை வாரம் நான்கு நாள். மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எட்டு புள்ளி ஆறு. உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதோ, குழாய் விட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். எனக்குப் புற்றுநோய்தான் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

அந்த மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கினால் வாயெல்லாம் துருப்பிடித்த ஆணி வாசம். அதனால் தினமும் காலை நடை முடிந்ததும் இந்தக் கடையில் சூடான டீயோடு விழுங்குவேன். அன்று பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த அம்மாள் என் கையில் இருந்த சிவப்பு அட்டையையே பார்த்தார்.

“இன்னா நைனா, இரும்பு மாத்தரைய டீல முழுங்கிக்கினு கீற? ஒடம்புல ஒட்டாதே.”

ஒரு நாள்கூடத் தவறியதில்லை, இது தொண்ணூற்றாறாவது என்று எரிச்சலோடு சொன்னேன்.

“தவறாம டீல போட்டா தவறாம வெளிய பூடும். கறுப்பா போவுதா?”

கடையில் ஆறு பேர் இருந்தார்கள். கூசிப் போனேன். ஆனால் கறுப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் ரத்தக் கசிவு என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் மகள் மாசமாக இருக்கிறாளாம். அவளுக்கும் அதே சிவப்பு அட்டை. டீ, காபி, பால் கூடவே கூடாது, எலுமிச்சம்பழச் சாற்றோடு போடு என்று நர்ஸம்மா பத்துத் தடவை சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பூதக்கண்ணாடியில் படித்தேன். ஏழாவது வரியில் அதே எச்சரிக்கை. டீயில் உள்ள ஏதோ ஒன்று இரும்பைப் பிடித்துக்கொள்ளுமாம், குடலை உறிஞ்ச விடாதாம். வேலையில் இருந்தவரை, கூட வந்த காகிதத்தைப் படிக்காமல் ஒரு பெட்டியைக்கூட நான் பிரித்ததில்லை.

டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தானும் கேட்டிருக்க வேண்டும் என்றார். இரண்டு மாதம் பார்க்கலாம் என்று குழாயைத் தள்ளி வைத்தார். அன்றிலிருந்து எலுமிச்சைச் சாறு. அதன் பிறகு நூற்றிருபது நிமிடம் டீ கிடையாது. கடிகாரத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன். நூற்றுப் பத்தொன்பதில் எழுந்ததில்லை.

பத்து புள்ளி ஏழு வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம் மெல்ல நடந்து போய் அந்த அம்மாளிடம் சொன்னேன். பேத்தி பிறந்து பதினோரு நாள் ஆகிறது என்றவர், என் கையில் இருந்த டீயைப் பார்த்து, “மாத்தர போட்டு எம்மா நேரம் ஆச்சு?” என்று கேட்டார்.

இப்போதும் எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. எண்ணி முடித்ததும், போட்டதில் எவ்வளவு உடம்பில் ஒட்டியது என்று மட்டும் ஒருமுறை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.