பர்மாவுக்குக் கேட்கத் தட்டினோம்

ஜோர்தானில் கார்மென்ட் வேலையில் இருந்த காலத்தில் என் பக்கத்து மெஷினில் தைத்தவள் ஒரு பர்மாக்காரி. அறையும் ஒன்று, அடுப்பும் ஒன்று. அவள் மீன் விழுதை வதக்க ஆரம்பித்தால் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்குப் போவேன். என் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு அவள் அரை மணி நேரம் இருமிக் காட்டுவாள். அரைகுறை அரபியும் அரைகுறை ஆங்கிலமும்தான் எங்கள் பாஷை. நான் இலங்கை மலையகத்தில், டயகமவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்த பிறகும், அங்கேயே இருந்த அவளோடு போனில் பேச்சு நிற்கவில்லை.

அவள் நாட்டில் ஓட்டில் ஜெயித்தவர்களைச் சிறையில் போட்டுவிட்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம், அவள் பேச்சில் சிரிப்பே இல்லாமல் போனது. அங்கே சனங்கள் இருட்டியதும் வீட்டுக்கு வீடு தட்டையும் சட்டியையும் தட்டுவார்களாம். பேயை விரட்டச் செய்கிற பழைய வழக்கம், இப்போது ராணுவத்தை விரட்ட. ஊர்வலம் போன அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து அந்தத் தெரு அடங்கிவிட்டது. அவள் அம்மா மட்டும் தனியாகத் தட்டுகிறார். சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

"அம்மா மனசு விட்டுப்போச்சு, சாப்பிடுவதும் இல்லை. நீங்கள் எல்லோரும் தட்டுங்கள், அதை வீடியோ எடுத்து அனுப்பு. துணைக்கு ஆள் இருப்பதாக அவருக்குக் காட்ட வேண்டும்" என்று அழுதாள்.

எனக்கு ஒன்று தோன்றினால் அப்போதே செய்தாக வேண்டும். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்களை மறித்து விஷயத்தைச் சொன்னேன்.

"பர்மா எங்க கெடக்கு, நாம எங்க கெடக்கோம்? இங்க தட்டுனா அங்க கேட்டுருமா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"போன்ல போகும்க்கா."

அக்கா கூடையை இறக்கி வைத்தார். "நம்ம தாத்தாமார்கிட்ட இருந்தும் ஒரு காலத்துல ஓட்டப் பறிச்சாங்கதானே. இரு, சட்டிய எடுத்துட்டு வாரேன்."

இருட்டிக்கொண்டு வரும் நேரம், லயத்து வாசலில் வரிசையாக நின்று தட்டினோம். நான் வீடியோ எடுத்தேன். அவசரத்தில் ஒன்றை மறந்தே போனேன். சிறுத்தையை எங்கள் பக்கம் புலி என்போம். அது லயத்துக்குக் கிட்ட வந்தால் தட்டையும் தகரத்தையும் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுவோம். மேல் லயத்து ஆண்கள் கம்பும், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும், டோர்ச்சுமாக ஓடி வந்துவிட்டார்கள்.

"புலி எங்க? நாயத் தூக்கிருச்சா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் முன்னால் வந்த அண்ணன்.

"புலி இல்லண்ணே. இது பர்மாவுல ஒரு அம்மாவுக்காக" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஜோர்தான் போய் வந்ததுல ஒனக்கு மண்ட கழண்டு போச்சு" என்று ஏசினார். ஏசி முடித்துவிட்டு, "தனியாவா தட்டுது அந்தம்மா?" என்று கேட்டார். டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பால் கூரைத் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எடுத்த வீடியோவை அப்படியே அனுப்பி வைத்தேன்.

மறுநாள் காலை பதில் வந்தது. அம்மா பாதியிலேயே போனைத் தள்ளிவிட்டாராம். கம்பும் கத்தியுமாக ஆண்கள் ஓடி வருவதைப் பார்த்து, அங்கேயும் பிடிக்க வந்துவிட்டார்கள், அந்தப் பெண்களை உள்ளே ஓடச் சொல் என்று மகளைக் கூப்பிட்டுக் கதறினாராம். தன் பிள்ளை சிறையில் கிடக்கும்போது எங்களுக்காகப் பயந்திருக்கிறார். அவர்கள் எங்கள் ஆட்கள், புலி வந்ததென்று நினைத்து எங்களைக் காப்பாற்ற வந்தவர்கள், முழுதும் பார்க்கச் சொல் என்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. பேசியது அம்மா. தயங்கித் தயங்கி எதையோ கேட்டார், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதன் பின்னாலேயே மகள் விளக்கம் அனுப்பியிருந்தாள்.

"உங்கள் ஊரில் தட்டினால் ஆட்கள் ஓடி வருவார்களா என்று கேட்கிறார்."

வருவார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.