தட்டிக்குப் பின்னால் விழுந்த இருபது

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். உங்களிடம் கோபித்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. இருந்த கோபத்தையெல்லாம் குண்டூசி ஒருவனுக்கே செலவழித்துவிட்டேன்.

குண்டூசி எங்கள் ஆட்டக்காரன். ஒல்லியாக இருப்பான். எங்கே உட்கார்ந்தாலும் யாரையாவது குத்துவான். தேடும்போது கிடைக்க மாட்டான்.

ஆட்டம் என்றால் பந்து, மட்டை எல்லாம் கிடையாது. ஒரு மேசை, சுற்றி நாலு பேர். நான் கதையை நடத்துவேன். "குகைக்குள்ளே ஏதோ மூச்சு விடுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்பேன். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, வெட்டுவதா ஓடுவதா என்று சொல்வார்கள். நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். பாத்திரம் சாகக் கிடந்தால் உயிருக்காக ஒரு தடவை உருட்ட வேண்டும். இருபது விழுந்தால் எழுந்து உட்காருவான். ஒன்று விழுந்தால் அவன் கதை முடிந்தது. ஆட்டக்காரன் வராத நாளில் அவனுக்காக நான் உருட்டலாம், அதுவும் தட்டிக்குப் பின்னால்.

தட்டி என்பது எனக்கு முன்னால் நிற்கும் மறைப்பு. அரக்கன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதை ஆட்டக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதல்லவா? நான் உருட்டுவதையும் அவர்கள் பார்க்க முடியாது. சொன்னதை நம்ப வேண்டியதுதான்.

ஒரு வருடமாக நடத்திய கதைக்கு அந்த ஞாயிறுதான் கடைசி ஆட்டம். குண்டூசியோ இரண்டு வாரமாகத் தலைகாட்டவில்லை. போன் அணைந்து கிடந்தது. வீடு எங்கே என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பகடைக் கடையில் பழக்கமானவன். போதாததற்கு எங்கள் பகடைகள், விரிப்பு, தட்டி எல்லாம் அவனிடம்தான் இருந்தன.

"வேற பொழப்பு கிடைச்சிருக்கும்" என்றாள் அக்கா. கூடப் பிறந்தவள், ஆட்டத்தில் மந்திரக்காரி, வீட்டில் அதைவிட மோசம்.

"வரலைன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதா அவனுக்கு?"

"விடுடா."

விடவில்லை. அவனுடைய பாத்திரத்தைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்தேன். ஒற்றைக்காதன் என்ற திருடன் அது. ஒரு வருடமாகப் பிள்ளை போல வளர்த்திருந்தான். ஒருமுறை ஒற்றைக்காதனுக்குக் காய்ச்சல் கண்டபோது குண்டூசி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஒற்றைக்காதன், அவன் இல்லாத ஆட்டத்தில், அனாதையாகச் சாக வேண்டும். அதுதான் தண்டனை.

அதற்குத் தோதாகச் சாமான் வாங்கக் காலையிலேயே கடைக்குப் போனேன்.

"தட்டி உயரமா வேணுமா தம்பி, குட்டையா?" என்றார் கடைக்காரர்.

"இருக்கிறதிலேயே உயரமானது."

"குட்டைதான் நல்லது. ஆடுறவங்க முகம் தெரியும்."

"தெரிய வேண்டாம்ணே."

மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு மரத்தட்டியை எடுத்து வைத்தார். மூன்று மடிப்பு, பித்தளைக் கீல். சின்னக் கதவு மாதிரி கனம். அதன் பின்னால் ஒரு கொலை தாராளமாகச் செய்யலாம்.

அடுத்தது பகடை. அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கெட்டியாக உப்புக் கரைத்த தண்ணீர் டம்ளரில் பகடையை மிதக்கவிட்டு, விரலால் சுண்டுவார். ஒவ்வொரு முறையும் வேறு எண் மேலே வந்தால் நல்ல பகடை. ஒரே எண் வந்தால் ஒரு பக்கம் கனம் என்று அர்த்தம். நீல நிறத்தில் ஒன்றைப் போட்டார். இருபது. சுண்டினார். இருபது. மறுபடியும் இருபது.

"இது சரியில்ல" என்று குப்பைக்கூடையில் போட்டார். சிவப்பை எடுத்தார். இருபது. கறுப்பை எடுத்தார். அதுவும் இருபது. தண்ணீரை மாற்றினார். இருபது.

அவர் முகம் வெளிறியது. எனக்கோ எரிச்சல்.

"இரும்புல குடுங்கண்ணே. அது மிதக்காதுல்ல, சோதிக்கவும் வேண்டாம்."

மேசையில் விரிக்க ஒரு விரிப்பும், அதன் மேல் பாத்திரங்களாக நிறுத்தப் பொம்மைகளும் வாங்கினேன். அக்காவுக்கு ஒரு மந்திரக்காரி, எங்கள் இன்னொரு ஆட்டக்காரன் வக்கீலுக்கு ஒரு வாள்வீரன். ஒற்றைக்காதனுக்குப் பாட்டில் மூடி. சாகப் போகிறவனுக்கு அது போதும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு எங்கள் மாடி அறையில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். வக்கீல் வந்திருந்தான். சட்டக் கல்லூரி மாணவன். ஆட்சேபணை தெரிவிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். ஆட்டம் ஆரம்பித்ததும் கூரையை இடித்து ஒற்றைக்காதன் தலைமேல் போட்டேன்.

"ஏன் அவன் மேல மட்டும் விழுது?" என்றான் வக்கீல்.

"அவன் விதி."

தட்டிக்குப் பின்னால் உயிருக்காக உருட்டினேன்.

இருபது.

"ஒண்ணு" என்றேன் கூசாமல். "செத்தான்."

டக்.

தட்டி முன்பக்கம் சாய்ந்து விழுந்தது. மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. யாரும் மேசையைத் தொடவில்லை.

மூவரும் பகடையைப் பார்த்தோம்.

"இது எந்த ஊர் ஒண்ணு?" என்றான் வக்கீல்.

"தட்டி விழுந்ததுல புரண்டிருக்கும். திரும்ப உருட்டுறேன்."

தட்டியை நிமிர்த்தினேன். பின்னால் என் கல்லூரிப் புத்தகங்களை முட்டுக் கொடுத்தேன். வாங்கியதற்கு முதல் முறையாகப் பயன்பட்டன. உருட்டினேன்.

இருபது.

இந்தத் தடவை யோசிக்கவில்லை. ஆள்காட்டி விரலால் பகடையைப் புரட்டி ஒன்றை மேலே வைத்தேன். என் கண்ணால் பார்த்தேன். ஒன்று.

"ஒண்ணு."

டக்.

புத்தகங்களோடு சேர்ந்து விழுந்தது.

மேசையில் இருபது.

"டேய்..." என்றாள் அக்கா. அவள் பகடையைப் பார்க்கவில்லை. பாட்டில் மூடியைப் பார்த்தாள். விரிப்பின் அந்தக் கோடியில், இடிந்த கூரைக்குக் கீழே வைத்தது... என் கைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது.

"நீ நகத்தினியா?"

"இல்ல. நீ?"

"இல்லடா... போதும், விட்டுடு."

பயந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். வராதவன் வராமலே என்னை எதிர்க்கிறானா? என் மேசையில்? தட்டியை நிறுத்தி இடது கையால் இறுக்கிப் பிடித்தேன். உருட்டினேன்.

இருபது.

"ஒண்ணுதான்!" என்று கத்தினேன். "செத்தான்! செத்தான்!"

கீல் கிரீச்சிட்டது.

தட்டி இந்தத் தடவை விழவில்லை. மடிந்தது. மெதுவாக... இரு பக்கமும்... கதவைச் சாத்துவது போல. நடுவில் என் விரல்கள்.

இழுத்தேன். வரவில்லை. அக்காவும் வக்கீலும் சேர்ந்து பிரித்தார்கள். நகம் நீலமாகிவிட்டது.

தட்டி தரையில் கிடந்தது. மேசை வெறுமையாக இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை.

அப்போதுதான்...

கடக்.

பகடை அசைந்தது.

யாரும் தொடவில்லை.

கடக்... கடக்...

குண்டூசி உருட்டினால் பகடை மேசையைத் தாண்டிப் பறக்கும். இது உருளவில்லை. தள்ளாடியது. உருட்டிப் பழக்கமில்லாத யாரோ விரலால் தள்ளியது போல.

நின்றது.

ஒன்று.



மூச்சுச் சத்தம் கேட்டது.

நாங்கள் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்.

இருட்டுவதற்கு முன்பே வக்கீல் கிளம்பிவிட்டான், ஒரு ஆட்சேபணையும் சொல்லாமல். சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. குண்டூசியின் அண்ணன். இரண்டு வாரத்துக்கு முன் குண்டூசி வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். போன் நொறுங்கிவிட்டதாம். அதிலிருந்த சிம்மை வேறு போனில் போட்டு, அன்றைக்குத்தான் எண்களைப் பார்த்தார்களாம்.

"இன்னைக்கு மத்தியானம் மூணு தடவை இதயம் நின்னு போச்சு தம்பி" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. "மூணு தடவையும் தானா திரும்ப வந்துச்சு. இப்ப கண்ணைத் திறந்துட்டான்."

உயிரோடு இருக்கிறான். அப்படியென்றால் கடைசியாக விழுந்த அந்த ஒன்று?

ஒரு வாரம் கழித்துத்தான் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் அவனைப் பார்க்க விட்டார்கள். மொட்டைத் தலை. தலையில் கட்டு. என்னைக் கண்டதும் கண் சிவந்தது. அப்படி ஒரு கோபத்தை அவனிடம் நான் பார்த்ததில்லை.

"உயரமான தட்டியாடா வாங்குற? என்னைக் கொல்லவா?"

தட்டியைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"மூணு தடவையும் ஒழுங்கா இருபது போட்டேன். நீ வாய் கூசாம ஒண்ணுங்கிற. விரலால வேற புரட்டுற. மனுஷனாடா நீ?"

"சொல்லாம கொள்ளாம நீ காணாமப் போனா?" என் கோபமும் பாக்கியிருந்தது. "சரி, அவ்வளவு ரோஷம் இருக்கிறவன் நாலாவதா ஏன் ஒண்ணு போட்ட?"

அவன் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்தது.

"நாலாவது நான் போடலடா."

பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். காலி. புதிதாக விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

"இங்க படுத்திருந்த பெரியவர், அன்னைக்கு என் பின்னாடியே உன் மேசைக்கு வந்தாரு. நின்னு வேடிக்கை பாத்தாரு. தட்டி மடங்கினதும், நானும் ஒரு தடவை உருட்டிப் பாக்கறேன்னாரு. வேண்டாம் பெரியவரே, இது விளையாட்டு இல்லன்னேன்... கேக்கல."

வெளியே வந்து நர்சிடம் கேட்டேன்.

"அந்தப் பெரியவரா? அவருக்கு ஒண்ணுமே இல்ல, நல்லா தேறிட்டாரு" என்றார் நர்ஸ். "போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சாதா வார்டுக்கு மாத்தறதா இருந்தோம். மத்தியானம் சாப்பிட்டுட்டு, கொஞ்சம் தூங்கறேன்னு படுத்தாரு. எழுந்திருக்கவே இல்ல."