இறக்காத சட்டி

வங்காளத்துப் பெஹாலாவில், சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் 'அக்கா தங்கை டிபன்' கடைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். பெரியக்கா சாம்பாரா, சின்னக்கா சாம்பாரா? ஒரே அடுப்பு மேடையில் இரண்டு சட்டி. விளிம்பு நசுங்கிய சட்டியில் பூங்கோதையின் சாம்பார், புளியும் காரமும் தூக்கலாக, தூத்துக்குடியில் வைப்பது மாதிரி. மற்றதில் தங்கை தாரா வைப்பது. அதில் ஒரு கை வெல்லம் விழும். சாம்பாரில் வெல்லம் போடுகிறவளை என்ன செய்யலாம் என்று பூங்கோதை இருபது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலாகி ஹவுராவில் வந்து இறங்கியபோது பூங்கோதைக்குப் பத்து வயது. தாரா இங்கேயே பிறந்தவள், தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். அக்காவுக்கு வாயைத் திறக்கச் சோம்பல், தங்கைக்கு மூடச் சோம்பல். ஓய்வு பெற்றபின் அப்பா தொடங்கிய கடை அவருக்குப் பிறகு இவர்கள் கைக்கு வந்தது. ஆறு மாதத்தில் இழுத்து மூடிவிடுவார்கள் என்றார்கள் சொந்தக்காரர்கள். அந்த ஆறு மாதப் பேச்சை பூங்கோதை இன்னும் மன்னிக்கவில்லை.

இந்தக் கடையில்தான் ஒரு தாடிக்காரர் அரை வருடம் தினமும் இட்லி தின்றார். தின்றுவிட்டுப் போய் டிவிக்கு நகைச்சுவைத் தொடர் எழுதினார். பொருந்தாத இரண்டு மதராஸி சகோதரிகள், ஒரு டிபன் கடை, இரண்டு சாம்பார். அதில் அக்காவாக வருகிறவள் கண்ணை உருட்டுவாள், எதற்கெடுத்தாலும் 'ஐயையோ' என்பாள். அவள் சாம்பாரை வாயில் வைத்தவர்கள் எல்லாம் தெருக்குழாயைத் தேடி ஓடுவார்கள். மாலை ஆறரை மணிக்கு ஊரே சிரித்தது.

கடையில் கூட்டம் மொய்த்தது. ஆனால் வந்தவர்கள் சின்னக்கா சாம்பாரைக் கேட்டார்கள், பெரியக்கா சட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பையன் ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கை நீட்டிக்கொண்டு தெருவில் ஓட, கூட வந்தவன் செல்போனில் பிடித்தான். அன்று பூங்கோதை அரைச் சட்டி சாம்பாரைச் சாக்கடையில் கொட்டினாள். கடை திறந்த நாளிலிருந்து அவள் கொட்டியதே இல்லை.

"சிரிச்சிட்டுப் போறாங்க, விடேன் அக்கா" என்றாள் தாரா.

"என்னப் பாத்து சிரிக்கட்டும். சட்டியப் பாத்து எதுக்குட்டி சிரிக்கணும்?"

தொடர் முடிகிற நேரத்தில் டைரக்டர் தீபக் நேரில் வந்தார். கடைசிக் காட்சியை இந்தக் கடையிலேயே, நிஜ சகோதரிகளை வைத்து எடுக்கப் போகிறாராம். தங்கையின் சாம்பாரை ருசித்து அக்கா கண் கலங்க வேண்டும், கைகூப்பி 'தோற்றுவிட்டேன்' என்று சொல்ல வேண்டும், தன் சட்டியை மேடையிலிருந்து இறக்க வேண்டும். தாரா இரண்டு பேருக்குமாகத் தலையாட்டிவிட்டாள்.

"யாரக் கேட்டுச் சரின்னே?"

"ஒரு நிமிஷம்தான் அக்கா. நடிப்புதானே?"

"நடிக்கிறவ இறக்கட்டும். ஊர் பாக்க நான் ஒருதரம் இறக்கிட்டா, மறுநாள் ஏத்துனா எவன் வாங்குவான்?"

"அப்ப வர மாட்டியா?"

"ஏன் வராம? என் கடை."

படப்பிடிப்பு நாளில் பூங்கோதை வழக்கத்தைவிடப் பத்து மிளகாய் கூடப் போட்டுச் சாம்பார் வைத்தாள். வேண்டுமென்றேதான் போட்டாள். தெரு முழுக்கக் கூட்டம். தாரா காலையிலிருந்து மேக்கப்பும் பேச்சுமாக அலைந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பதினொரு மணிக்கு கேமரா ஓடத் தொடங்கியது. சொல்லிக்கொடுத்தபடி தாரா வெல்லச் சாம்பார்க் கிண்ணத்தை நீட்டினாள்.

பூங்கோதை அதை வாங்கவில்லை. ஒரு தட்டில் இரண்டு இட்லியை வைத்துத் தங்கை முன்னால் தள்ளினாள்.

"காலைலேருந்து வெறும் வயிறு. முதல்ல நீ சாப்பிடுட்டி."

தாராவுக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. கை தன்னால் போனது. விளிம்பு நசுங்கிய சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றினாள். இன்னொரு கரண்டி எடுக்கும்போதுதான் தெரு அமைதியாகிவிட்டதைக் கவனித்தாள். தன் கையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். வெல்லச் சாம்பார் வைக்கக் கற்ற நாளிலிருந்து அதை அவள் ஒரு வேளைகூட இட்லிக்கு ஊற்றிக்கொண்டதில்லை. பூங்கோதைக்கு அது தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

"கட்!" என்று கத்தினார் தீபக். "சட்டி மாறிப்போச்சு. இன்னொரு தடவை எடுக்கலாம்."

பூங்கோதை தன் சட்டியை ஒட்டி நின்றாள். இனி தாரா என்ன செய்கிறாளோ அதுதான். அவள் மட்டும் அந்த இன்னொரு தடவைக்கு ஒத்துக்கொண்டால், இந்தச் சட்டியோடு தன் கதையும் முடிந்தது என்று பூங்கோதைக்குத் தோன்றியது.

தாரா இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள். பத்து மிளகாயும் வேலையைக் காட்டின. கண்ணில் நீர் கொட்டியது, மேக்கப் கரைந்து வழிந்தது. தண்ணீர் நீட்டியவரைக் கையால் தடுத்துவிட்டு இரண்டு இட்லியையும் தின்று முடித்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து வங்காளத்தில் சொன்னாள்.

"சட்டி ஒண்ணும் மாறல. அந்த வெல்லச் சட்டி உங்களுக்காக வைக்கிறது. இது நாங்க சாப்பிடுறது. யார் சட்டியும் இறங்காது."

தீபக் மூட்டை கட்டினார். கடைசிக் காட்சியை ஸ்டுடியோவில் நடிகைகளை வைத்தே எடுத்தார்கள்.

அது வந்த மாலை கடை டிவியிலும் ஓடியது. திரையில் அந்தக் கண்ணுருட்டி கைகூப்பி அழுதுகொண்டே சட்டியை இறக்கினாள். தாராவுக்குத் தாங்கவில்லை. ரிமோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அணைக்காதே" என்றாள் பூங்கோதை, சட்டியைக் கிளறியபடி. "பாக்கட்டும். பாத்துட்டு இங்க வந்து இறக்காத சட்டியக் கேக்கட்டும்."