டேப் பெட்டிக்குள் வந்த டாஸ்

1989 பிப்ரவரியில் திருவனந்தபுரம் விமான நிலையத்துச் சுங்கக்காரர்கள் மசூதுவின் அட்டைப்பெட்டியைப் பிரித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வளைகுடாவிலிருந்து வருகிறவன் பெட்டியில் இருக்க வேண்டிய எதுவும் அதில் இல்லை. டேப் ரிக்கார்டர் இல்லை, சேலை இல்லை, தைலம்கூட ஒரே ஒரு குப்பிதான். கம்பளிக்குள் சுற்றி ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது.

“இது எந்தினா?” என்றார் அதிகாரி.

“ஊர்ல பொழைக்க சார்” என்றான் மசூது. அவர் சிரித்தார். மசூதுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் தென்காசிக்காரன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, கல்யாணம் முடித்த கையோடு இருபத்தேழு வயதில் சார்ஜா போனவன். கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பெனியின் குடோனில் மூன்று வருஷம் பெட்டி கட்டினான். கண்ணாடிக் குப்பியைக் கட்டி மாடியிலிருந்து போட்டாலும் உடையாது என்று பெயர் வாங்கினான். ஒரு நாள் ஆபீஸ் டைப்பிஸ்ட் வரவில்லை. “எனக்குத் தெரியும்” என்று போய் உட்கார்ந்தவன் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதும் நாற்காலி அவனுடையதுதான்.

பதினோரு வருஷத்தில் ஊருக்கு வந்தது நாலு தடவை. நாலாவது தடவை வந்தபோது ஐந்து வயது மகள் மெஹர் பானு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். “வாப்பா எங்க?” என்று கேட்டதற்கு ஓடிப்போய் டேப் ரிக்கார்டரைத் தொட்டுக் காட்டினாள். வாப்பா என்றால் அவளுக்குக் கேசட்டில் பேசுகிற குரல். எல்லாரும் சிரித்தார்கள், மசூதுவும் சிரித்து வைத்தான். அடுத்த தடவை வந்தால் திரும்பிப் போகக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

அதற்குத்தான் கம்ப்யூட்டர். ஆபீஸில் புதிது வந்ததும் ஆறு வருஷம் உழைத்த பழையதை மேனேஜர் அவனுக்கே கொடுத்துவிட்டார். குற்றாலம் ரோட்டில் ஓர் அறை பிடித்துப் பயிற்சி நிலையம் தொடங்குவது ஏற்பாடு. சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனம், தங்கள் பாடங்கள் அவன் மெஷினில் ஓடினால் தென்காசிக் கிளையாக அவனை ஏற்றுக்கொள்வதாக எழுதியிருந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் அவர்கள் ஆள் வந்து பார்ப்பார். சார்ஜா விசா ஆறு மாதம் வெளியே இருந்தால் செத்துவிடும். அந்தக் கணக்கில் ஆகஸ்ட் பதினைந்து கடைசி. கிளை கிடைத்தால் விசாவைக் குப்பையில் போடலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் விமானம்.

மார்ச்சில் பாடங்கள் பதிந்த பிளாப்பி டிஸ்குகள் தபாலில் வந்தன. மசூது மெஷினைப் போட்டான். கம்ப்யூட்டரை முதலில் தூக்கத்திலிருந்து எழுப்புவதற்கு டாஸ் என்று ஒரு பிளாப்பி உண்டு. அதைப் போட்டு எழுப்பிய பிறகுதான் மற்ற வேலை. அவனிடம் இருந்தது மெஷினோடு வந்த பழைய டாஸ், இரண்டாவது பதிப்பு. மெஷின் வழக்கம்போல் எழுந்தது. பாடத்தைப் போட்டான். டாஸ் பதிப்பு சரியில்லை என்று பச்சை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. மறுபடி போட்டான். மறுபடியும் அதே வரி. மூன்றாவது பதிப்பு இல்லாமல் பாடம் ஓடாது.

சென்னைக்கு எழுதினான். அதை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போனான். அங்கே ஒரு கடையில், புது மெஷின் வாங்கினால் டாஸ் தருவோம், தனியாகத் தருவதில்லை என்றார்கள். ஆறு வயதான மெஷின் என்று அவன் சொன்னதும் கடைக்காரர் முகம் போன போக்கு அவனுக்கு இன்னும் எரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரர் நேரம் கேட்டதற்கு, “தெரியாது” என்று வெடுக்கென்று சொன்னான். கையில் கடிகாரம் கட்டியிருந்தான்.

கடைசியில் சார்ஜாவில் கூட வேலை பார்க்கும் பரீதுக்கு எழுதினான். மே மாதம் ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் பரீது கொடுத்தனுப்பியது வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளங்கையில் அடங்குகிற கெட்டியான சின்னச் சதுரம். மசூதுவின் மெஷினுக்கு வேண்டியது சாண் அகலத்தில், வளைகிற பெரிய பிளாப்பி. ஆசை யாரை விட்டது, மெஷினின் வாயில் வைத்துத் தள்ளிப் பார்த்தான். அது தபால் பெட்டியில் போட்ட கடிதம் மாதிரி உள்ளே விழுந்துவிட்டது. ஸ்குரூ கழற்றி, மூடியைத் தூக்கி, வெளியே எடுப்பதற்குள் ஒரு பகல் போயிற்று.

அடுத்த கடிதத்தில் பழைய பிளாப்பியைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தே அனுப்பினான். பெட்டி கட்டிய கை சும்மா இருக்குமா? அதோடு இப்படியும் எழுதினான்: ‘மடங்கக் கூடாது, வெயில் படக் கூடாது. சுரண்டை அய்யாக்குட்டி தங்கச்சி கல்யாணத்துக்கு ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெரிய டூ இன் ஒன் வாங்கிக்கொண்டு வருகிறானாம். அதன் பின்மூடியைக் கழற்றி, உள்ளே வைத்து, பஞ்சு அடைத்து மூடிவிடு. சுங்கத்தில் யாரும் கசக்க மாட்டார்கள். இதைவிடப் பத்திரமான இடம் உலகத்திலேயே கிடையாது.’

ஜூனில் சாரல் பிடித்தது. குற்றாலத்துக்குப் போகிற பஸ்கள் எண்ணெய் தேய்த்த தலைகளோடு ரோட்டில் போய் வந்தன. ஊரெல்லாம் காற்றை அனுபவித்தது. மசூது மட்டும் காற்றைத் திட்டினான். மெஷினுக்கு ஈரம் ஆகாது. பக்கத்தில் அறுபது வாட் பல்பு ஒன்றை நாள் முழுக்க எரியவிட்டு, அது தும்மாமல் பார்த்துக்கொண்டான். “எம்பிள்ளைக்குச் சளி பிடிச்சப்பகூட இப்படி ஒரு கவனிப்பு இல்ல” என்றாள் மனைவி அலிமா. அவன் மாமா மகள்தான். அவனை மச்சான் என்றே கூப்பிடுவாள்.

ஜூலை இருபதாம் தேதி அய்யாக்குட்டி வந்தான். டூ இன் ஒன்னை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்து, கண் முன்னால் பின்மூடியைக் கழற்றினான்.

“மசூது பாய், தங்கச்சி நகையக்கூட இம்புட்டுப் பத்திரமாக் கொண்டு வரல” என்றான்.

பிளாப்பிகள் இரண்டும் ஸ்பீக்கரின் முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தன. ஒரு சுருக்கம் இல்லை. பெரிய சைஸ். லேபிளில் பரீதின் கையெழுத்தில் மூன்று புள்ளி மூன்று என்று போட்டிருந்தது. மசூது அய்யாக்குட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

பிளாப்பியைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே கர்ர் என்று தேடியது, நின்றது, மறுபடி தேடியது. பிளாப்பியில் ஒன்றும் இல்லை என்கிற பொருளில் ஒரு வரி வந்தது. இரண்டாவதைப் போட்டான். அதற்கும் அதே பதில்.

அடுத்த மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. சாரல்தான் காரணம் என்றான். கரண்ட் சரியில்லை என்றான். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து உள்ளே துடைத்தான். உள்ளே இருந்த சர்க்யூட் அட்டைகளைப் பிடுங்கித் திரும்பச் செருகினான். பழைய டாஸைப் போட்டால் மெஷின் சமர்த்தாக எழுந்து உட்கார்ந்தது. புதியதைப் போட்டால் கர்ர். அவனைச் சீண்டவே அப்படிச் செய்வது போல் இருந்தது. மெஹர் பானு பக்கத்தில் வந்து, “வாப்பா, ஓடுதா?” என்று கேட்டாள். “போ அங்கிட்டு!” என்று கத்திவிட்டான். பிள்ளை போய்விட்டது. எதற்காக இந்த மெஷினைச் சுமந்து வந்தோமோ அதையே விரட்டிவிட்டோமே என்று அவனுக்கு அழுகை வந்தது.

கோபமெல்லாம் பரீது மேல் திரும்பியது. வெறும் பிளாப்பியில் லேபிளை ஒட்டி ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டி, நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினான். நன்றி கெட்டவன் என்பதுதான் அதில் இருந்த மரியாதையான வார்த்தை. தபாலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது அலிமா ஒரு பிஸ்கட் டின்னை அவன் முன்னால் வைத்தாள்.

“மச்சான், கேக்கேன்னு கோவப்படாதிய. இது என்னன்னு தெரியுதா?”

உள்ளே பதினோரு வருஷமாக அவன் பேசி அனுப்பிய கேசட்டுகள். தேதி போட்டு அடுக்கியிருந்தாள்.

“மொத வருசமே எழுதுனிய. கேசட்ட ஸ்பீக்கர் பக்கத்துல வைக்காத, அதுல காந்தம் இருக்கு, எம் பேச்செல்லாம் அழிஞ்சு போயிரும்னு. அன்னையில இருந்து இந்த டின்ன டேப் இருக்க ரூமுலகூட வச்சதில்ல. அந்தப் பையன் பிளாப்பிய எங்கன இருந்து எடுத்தான்? ஸ்பீக்கர் முதுகுல இருந்துதானே? அந்தக் காந்தம் பிளாப்பிய மட்டும் சும்மாவா விட்டுரும்?”

மசூது ஒரு கேசட்டை எடுத்துத் தேதியைப் படித்தான். சார்ஜாவிலிருந்து தென்காசி வரை, ஒரு சுருக்கம் விழாமல், காந்தத்தோடு ஒட்டி வைத்து, பஞ்சு அடைத்து அழித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்படி வைக்கச் சொல்லி எழுதியது அவனேதான். இத்தனை நாளும் கோபத்தைப் போட ஓர் ஆள் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பல்பை அணைத்தான். பிறகு எதற்கு அணைத்தோம் என்று தெரியாமல் மறுபடி போட்டான்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி சென்னையிலிருந்து கல்யாணராமன் என்பவர் வந்தார். தங்கமான மனிதர். அருவியில் குளித்துவிட்டுத் தலை காயாமல் வந்து மெஷினைப் பார்த்தார், பச்சை வரியைப் படித்தார், காந்தக் கதையைக் கேட்டார்.

“புது டாஸ் வந்ததும் எழுதுங்க. டிசம்பர் வரைக்கும் உங்க இடத்த வச்சிருக்கேன்” என்றார்.

மெஷினுக்கு டிசம்பர் வரை கெடு கிடைத்தது. விசாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

இரண்டு நாள் மசூது கணக்குப் போட்டுப் பார்த்தான். மூன்றாம் நாள் அலிமாவிடம் சொன்னான்: “இன்னொரு செட்டுக்குக் காத்துக் கெடந்து அதுவும் இப்படியே வந்திச்சின்னா, விசாவும் போச்சு, கிளையும் போச்சு. எனக்கு இந்தச் சனியன் மேல நம்பிக்கை இல்ல புள்ள. நான் போறேன்.”

அலிமா தடுக்கவில்லை. அதுவே அவனுக்கு இன்னொரு எரிச்சல்.

“போங்க. ஆனா இதக் கம்பளிய போட்டு மூடி வைக்க மாட்டேன். நானும் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணவதான். போறதுக்குள்ள தெரிஞ்சத சொல்லிக் குடுத்துட்டுப் போங்க” என்றாள்.

இருந்த நாளில் பழைய டாஸை வைத்துச் சொல்லிக் கொடுத்தான். ஒவ்வொன்றையும் அவள் நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள். அவன் இரண்டு தடவை கத்தினான். அவள் மூன்றாம் தடவையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

சார்ஜாவில் அறைக் கதவைத் திறந்ததும் பரீது ஒரு கடிதத்தை நீட்டினான். நாலு பக்கம். “நேத்துதாம்லே வந்திச்சி. நீயே வாசிச்சுக் காட்டு” என்றான். மசூது கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அவன் காலைப் பிடிக்கப் போனான். பரீது திட்டிக்கொண்டே டீ போட்டுக் கொடுத்தான்.

குடோனில் இன்னொரு பழைய மெஷின் கிடந்தது. அதில் உட்கார்ந்து மசூது தானே மூன்றாவது பதிப்பைப் பெரிய பிளாப்பியில் ஏற்றினான். ஏற்றியதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, துணியில் சுற்றி, அக்டோபரில் ஊருக்குப் போன ஒருவர் கையில் கொடுத்து, டேப் ரிக்கார்டர் இருக்கிற பக்கமே போகாதீர்கள் என்று சத்தியம் வாங்கினான்.

நவம்பர் கடைசியில் ஊரிலிருந்து ஒரு கேசட் வந்தது. வேலை முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து அதை டேப்பில் போட்டான். முதலில் மழைச் சத்தம். ஏழெட்டுப் பேர் பேசுகிற சத்தம். “எல்லாரும் சும்மா இருங்க” என்று அலிமா அதட்டினாள். சுவிட்சு விழுந்தது. பீப். பிறகு அந்தப் பாழாய்ப்போன கர்ர். மசூது டேப்பின் சத்தத்தைக் கூட்டினான்.

“வாப்பா, கேக்குதா? மெஷின் எந்திரிச்சிட்டு!” என்றாள் மெஹர் பானு. திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். “டாஸ்... வெர்ஷன்... மூணு புள்ளி மூணு!” பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“நாசமாப் போற மெஷினே!” என்று மசூது டேப்பைப் பார்த்துக் கத்தினான். “ஆறு மாசம் அங்கனயே கெடந்தேனே, ஒரு நா இந்த வார்த்தையக் காட்டுனியா?” மேல் கட்டிலில் படுத்திருந்த பரீது எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

டேப் ஓடிக்கொண்டிருந்தது. “மெட்ராஸ் சார் வந்து பாத்துட்டுப் போர்டு மாட்டச் சொல்லிட்டாங்க வாப்பா. உம்மாதான் பாடம் நடத்துதா. நீங்க எப்ப வாறிய?” அதோடு பேச்சு நின்று, வெறும் இரைச்சல் வந்தது.

விசாவைக் குப்பையில் போட வைக்கும் என்று அவன் நம்பிய கிளை, அவன் இல்லாமலே கிடைத்துவிட்டது. மகளுக்குப் பதில் சொல்ல மசூது புதுக் கேசட் ஒன்றைப் பிரித்துப் போட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினான். ஒரு பக்கம் அரை மணி நேரம். அது முழுக்க ஓடித் தானாக நின்றது. அவன் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.