ராடாரும் வெறும் பாபினும்

தையற்காரரின் மனைவிக்குத் தெரு வைத்த பெயர் ராடார். மூன்று தெரு தள்ளி யாராவது கொட்டாவி விட்டால், அடுப்படியில் இருந்தபடியே யார் என்று சொல்லிவிடுவாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் தையல் மெஷின் விஷயத்தில் இம்மியும் கூட்டவில்லை. பாபினில் அடிநூல் தீர்ந்துபோனாலும் மெஷின் அதுபாட்டுக்கு ஓடும், ஊசி துணியைக் குத்திக்கொண்டே போகும், தையல் மட்டும் விழாது. ரேடியோவில் லயித்திருக்கும் மனிதருக்கு அது தெரியாது. அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

"என்னங்க, காத்தையா தைக்கிறீங்க? நூல் போய் எவ்வளவு நேரமாச்சு!"

"அந்தக் காதைக் கழட்டி வையேன்டி, கொஞ்சம் நிம்மதியா இருக்கேன்."

காது கழலவில்லை. மூளையில் ரத்தக்குழாய்தான் வெடித்தது. பிழைத்தாள், காலையில் கண் திறப்பாள், இரவில் மூடுவாள், அவ்வளவுதான். "முழிச்சிருக்காங்க. ஆனா எதையும் உணர்றாங்கன்னு சொல்ல முடியாது," என்றார் டாக்டர். முழிப்பு வேறு, உணர்வு வேறு என்பதைத் தையற்காரர் ஒப்புக்கொள்ளவே இல்லை. பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம் என்ற மகளிடம், "அவளுக்கு எல்லாம் தெரியுது. நிரூபிச்சுக் காட்டுறேன், அப்புறம் பேசு," என்று சீறினார்.

மெஷினைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, வெறும் பாபினை மாட்டி மிதித்தார். அவள் உதட்டோரம் மெல்லக் கோணியது. அதே நக்கல் சிரிப்பு!

"பாத்தியா! கண்டுபிடிச்சுட்டா, கள்ளி!"

மகளுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சொன்னாள்: "இப்ப நூல் போட்டுத் தைங்கப்பா."

தைத்தார். உதடு அதேபோல் கோணியது. மெஷினை நிறுத்தினார். அதற்குப் பிறகும், வெறும் சுவரைப் பார்த்து, அதேபோல் கோணியது.

குனிந்து தன் முகத்தை அந்தக் கண்களுக்கு நேரே கொண்டுபோனார். இரண்டு கண்ணிலும் அவர் முகம் அச்சாக விழுந்திருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.

"ஏய், திட்டவாவது செய்யேன்டி."

வெகுநேரம் காத்திருந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பாமலே, "வண்டிக்குச் சொல்லு," என்றார்.

பை கட்டும்போது மகள் கேட்டாள்: "போர்வை வைக்கட்டுமாப்பா? அங்க குளிரும்."

"வை. உடம்பு நடுங்கும்," என்றார் அவர். "நடுங்குறது அவளுக்குத்தான் தெரியப்போறதில்ல."