சூடம் அடித்தவரின் படகு

மலேசியாவின் கேமரன் மலையில், கடலைவிட ஐயாயிரம் அடி உயரத்தில், கம்போங் ராஜா பக்கத்துத் தோட்டமொன்றில், என் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு மோட்டார் படகைச் செப்பனிட்டார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். படகு தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த பழைய தகரக் கொட்டகையில் கிடந்தது. வேலை முடிந்து வந்து சோறு தின்ற கையோடு அங்கே போய்விடுவார். பனி இறங்கி மூக்கு நுனி மரத்துப்போகும் குளிரில் மரப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கங்காணி தினமும் அந்த வழியாகப் போகும்போது, "என்னா ஃபிட்டரே, தண்ணி எப்ப மேல ஏறி வருதாம்?" என்று கேட்காமல் போனதில்லை. ரிட்டையர் ஆனதும் கடலில் ஒரு சுற்று சுற்றிவர ஆசை என்று இவரும் ஒரு பொய்யைச் சொல்லிச் சிரித்துவைப்பார்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் மகளைப் பார்க்க அவருக்கு வேறு வழி இல்லை. பஸ் இருந்தது, டாக்சி இருந்தது, காய்கறி லோரி இருந்தது. ஆனால் மனுஷன் சூடம் அடித்துத் தொலைத்திருந்தார்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. கோயில் திருவிழாவுக்கு இங்கே தன் உறவுக்காரர் வீட்டுக்கு வந்த ஒரு பையனோடு அவளுக்குப் பழக்கம் உண்டாயிற்று. கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். நல்ல பையன்தான், இப்போது தாராளமாகச் சொல்கிறேன். ஆனால் வேறு சாதி. கடல் கடந்து வந்து மூன்று தலைமுறை ஆகியும் அந்தச் சனியனை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். மகள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இவர் கோயில் கமிட்டியில் இருந்தவர். சொந்தக்காரர்கள் பேசின பேச்சில் ரோஷம் தலைக்கேறி, மாரியம்மன் சன்னிதியில் ஒரு கட்டி சூடத்தைக் கொளுத்தி, எரிவதை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "அவ இருக்கிற ஊர் மண்ண நான் மிதிக்க மாட்டேன். அவளும் இந்தத் தோட்டத்து மண்ண மிதிக்கக் கூடாது" என்று ஊர் முன்னால் சொன்னார்.

சூடம் அடித்த சத்தியம் சாதாரண சத்தியம் இல்லை. கோர்ட்டில் செய்ததை மீறலாம், பெண்டாட்டி தலையில் அடித்துச் செய்ததையும் மீறலாம், எத்தனையோ பேர் மீறுகிறார்கள். சூடத்தை மீறினால் அது மீறினவனை அடிக்காது, அவன் பெற்ற பிள்ளையைத்தான் அடிக்கும் என்று எங்கள் தோட்டத்தில் எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன். கோபம் ஆறு மாதத்தில் வடிந்துவிட்டது அவருக்கு. அதற்குப் பிறகு அவரைக் கட்டிப்போட்டது கோபம் இல்லை, பயம். மீறினால் மகளுக்கு ஆகாது.

கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய்தான் எங்களுக்குத் தபால்பெட்டி. மகள் கடை விலாசத்துக்கு எழுதுவாள், பாய் படித்துச் சொல்வார். ஒரு நாள் நான் அங்கே பரோட்டா கட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது, இவர் பாயிடம் தணிந்த குரலில் கேட்டது காதில் விழுந்தது. "பாய், கிள்ளான்ல போட்ட கட்டி நிறுத்துற எடத்துல, போட்ல இருந்தபடியே கரையில நிக்கிற ஆள்கூட பேசலாமா?"

பாய் கல்லாவிலிருந்து அவர் பக்கம் குனிந்தார். "பேசலாம்ணே. கைகூட புடிச்சுக்கலாம்லா" என்றார்.

தண்ணீர் ஊர் மண் ஆகாது. அதுதான் என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த வழி. பாயின் மச்சான் கடலோரத்து லூமுட்டில் மீன் வியாபாரம் செய்தவர். அவர் வீட்டுப் பின்புறம் சேற்றில் கிடந்த படகை முட்டைக்கோஸ் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய லோரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. பாதிப் பலகை உளுத்துப்போய், அடியில் சிப்பி ஒட்டி, நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆனால் அவர் கை பட்டபின் அது வேறு ஆளாக மாறியது. உளுத்த பலகைகளைப் பெயர்த்துப் புதியவை வைத்தார். இடுக்குகளில் பஞ்சுத்திரியைத் திணித்துப் பிசின் பூசினார். ஒரு பழைய கார் இஞ்சினைப் பிரித்து, கழுவி, மறுபடி பூட்டி உள்ளே இறக்கினார். தொழிற்சாலைக் கதவுக்கு அடித்தது போக மிஞ்சிய பச்சைப் பெயிண்ட் துரையிடம் கேட்டு வாங்கினது. கடைசியில் மலைமேலேயே இருந்த ரிங்லெட் அணைக்கட்டு ஏரியில் இறக்கி ஓட்டிப் பார்த்தார். புகையே இல்லாமல் ஓடியது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் தண்ணீர் கேட்ட குரலே தனியாக இருந்தது.

அந்த மாதம்தான் மகளின் கடிதம் வந்தது. ஒன்பதாம் மாதம் நடக்கிறது, அம்மா பக்கத்தில் இருந்தால் தேவலை என்று எழுதியிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். வளைகாப்புப் போட்டு அழைத்து வந்திருக்க வேண்டியவள் நான். சத்தியத்தின் மறுபாதி அதற்கும் வழி அடைத்திருந்தது. அன்றைக்கு நான் சும்மா இருக்கவில்லை. "நான் ஒன்னும் சூடம் அடிக்கல. நாளைக்கு பஸ் ஏறப் போறேன்" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "பிரசவத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்குலா. போட் ரெடி. ரெண்டு பேருமா போலாம் புள்ள. நீ எறங்கிப் போயி அவகூட இரு. நான் போட்லயே கெடக்கிறேன். அவ ஒரு தடவ வந்து கரையில நின்னா எனக்குப் போதும்."

ரெண்டு பேருமா என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்தேன். மூன்று வருஷமாக அந்த வாயிலிருந்து வர நான் காத்திருந்த சொல் அது. எந்த நாளில் வருகிறோம் என்று பாயை விட்டு மகளுக்கு எழுதச் சொன்னோம்.

படகை லோரியில் மலையிறக்கி, லூமுட்டில் தண்ணீரில் விட்ட காலையில் நான் முன்பக்கத்தில் மஞ்சள் குங்குமம் வைத்தேன். சூடத்தை எடுத்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சூடம் வேணாம். எலுமிச்சம்பழம் மட்டும் வை" என்றார். அப்படியே செய்தேன். பாயின் மச்சான் சுக்கான் பிடிக்கக் கூட வந்தார். ஒரு தகர டின்னில் பிள்ளை பெற்றவளுக்கான காய மருந்தும், மிளகும் பூண்டும், ஒரு மூட்டையில் துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்த என் பழைய சேலைகளும் எடுத்துக்கொண்டேன். குழந்தைக்குக் கிழித்துப் போட அதைவிட நல்ல துணி கடையில் கிடைக்காது.

கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கரை மறைவதற்கு முன்னாலேயே காலையில் தின்றதெல்லாம் வெளியே வந்துவிட்டது. நாற்பத்தைந்து வருஷம் சரிவில் நின்று பழகின காலுக்கு, தானாக ஆடுகிற தரையை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு படகையும் கட்டினவனையும் திட்டிக்கொண்டே படுத்திருந்தேன். அவர் என் நெற்றியில் தைலம் தடவிவிட்டார். கரையோரக் காடு ஒரு பச்சைக் கோடாகக் கூடவே வந்தது. வெயில் ஏறினபோது அவர் மெதுவாகச் சொன்னார், "பாப்பாவுக்குக் கெளுத்தி மீன்னா உசிரு. போற வழியில வாங்கிக்கணும்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். மூன்று வருஷத்தில் அவர் அவளைப் பாப்பா என்று சொன்னது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் வாய் ஓயவில்லை அவருக்கு. அவள் நடக்கப் பழகினது, கொழுந்துக் கூடைக்குள் ஒளிந்துகொண்டது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினது எல்லாம் அந்தப் படகில் வந்தன. குமட்டலோடு சிரித்துக்கொண்டு கிடந்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மறுநாள் மதியத்துக்கு முன்னால் இஞ்சின் இருமியது. கொஞ்சம் ஓடும், படபடவென்று வெடிக்கும், மூடியில் கை வைக்க முடியாதபடி கொதிக்கும், நிற்கும். அவர் பிரித்துப் பார்த்தார், பூட்டினார், மறுபடி பிரித்தார். கடைசியில் அது அசையவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஒரு சீன மீன்பிடிப் படகு எங்களைக் கயிறு கட்டி செகிஞ்சான் பக்கத்தில் ஒரு கம்பத்தில், மீனவர் கிராமத்தில், கொண்டுபோய் விட்டது.

அந்த ஊர் மெக்கானிக் வயதான சீனர். திறந்து பார்த்துவிட்டு, இந்த இஞ்சினை எங்கே வைத்துச் சரிசெய்தாய் என்று மலாயில் கேட்டார். கேமரன் மலையில் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். மேலே காற்று கம்மி, அதற்கு ஏற்றபடி பெட்ரோலையும் குறைத்து வைத்திருக்கிறாய், கீழே காற்று நிறைய, இங்கே அது பத்தாது, பத்தாமல் ஓடி ஓடித்தான் சூடேறி வால்வு கருகிப்போயிற்று என்றார். முப்பது வருஷ ஃபிட்டர், மலையை விட்டு இறங்கி ஒரு இஞ்சினைக்கூடத் தொட்டதில்லை. கருகின வால்வைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது வால்வு தெலுக் இந்தான் டவுனிலிருந்து வர வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார் மெக்கானிக்.

அந்தக் கம்பத்து மெயின் ரோட்டில் ஒரு பஸ் போகும். முன்னால் கிள்ளான் என்று போட்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். மெக்கானிக் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இரண்டு நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை காட்டினால் நிற்கும், மூன்று மணி நேரத்தில் என் பிள்ளை வீட்டு வாசலில் இறக்கிவிடும். ஒரு முறை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டேன். அவர் பின்னால் வந்து நின்றார். "நாளைக்கு வால்வு வந்துரும். ஒன்னாவே போவோமே" என்றார். இஞ்சின் விஷயத்தில் அவமானப்பட்டு நின்ற முகம் அது. அதை அங்கே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. பஸ் போயிற்று. இந்தக் கையால் அதை நிறுத்தாமல் விட்டேன் என்பதை இன்றைக்கும் சோறு பிசையும்போது நினைத்துக்கொள்கிறேன்.

கிள்ளான் படகுத்துறையை அடைந்தபோது சாயங்காலம் நான்கு மணி இருக்கும். வாங்கின கெளுத்தி மீன் வாளியில் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது. இவர் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு முன்பக்கத்தில் நின்றார். படிக்கட்டில் மாப்பிள்ளை மட்டும் நின்றிருந்தான். கல்யாண போட்டோவில் பார்த்த முகம். ஆனால் தலை மொட்டையாக இருந்தது.

மொட்டையைப் பார்த்ததுமே நான் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். யாருக்காவது இருக்கும், அவன் அப்பாவுக்கு இருக்கும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

"அத்த" என்றான் என்னைப் பார்த்து. அவரைக் கூப்பிட அவனுக்குத் தைரியம் வரவில்லை. "நாள் ஆகுறதுக்கு முன்னாடியே வலி வந்துருச்சு அத்த, நாலு நாளாச்சு. பொண்ணு பொறந்துச்சு, கொழந்த வீட்டுல நல்லாருக்கு. அப்பறம் ரத்தம் நிக்கல. பாய் கடைக்குத் தந்தி அடிச்சேன். நீங்க கெளம்பிட்டீங்கன்னு போன் பண்ணாரு. எங்க இருக்கீங்கன்னு யாருக்கும் தெரியல. ஒரு நாள் ஒடம்ப வச்சிருந்து பாத்தோம். முந்தாநாத்து எடுத்துட்டோம்."

முந்தாநாள் நான் பெஞ்சில் உட்கார்ந்து பஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். கடிதம் கிடைத்ததிலிருந்து அவள் தினமும் சாயங்காலம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு இந்தப் படியில் வந்து உட்காருவாளாம். நாளாகும் என்று சொன்னாலும் கேட்க மாட்டாளாம். அப்பா ஏதாவது ஒரு படகில் திடீரென்று வந்துவிட்டால் யாரும் இல்லாமல் நிற்பாரே என்பாளாம். கடைசியாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போதும், படகு வந்தால் அப்பாவை இறங்கச் சொல்ல வேண்டாம், அவர் இறங்க மாட்டார், பிள்ளையை இங்கே தூக்கிவந்து காட்டு என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

நான் எப்படிக் கரையேறினேன் என்று தெரியாது. மூட்டையோடு படியில் விழுந்து கிடந்தேன். பாயின் மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். என் வீட்டுக்காரர் மட்டும் படகின் விளிம்பில் அசையாமல் நின்றார். அழவில்லை. அவர் உதடு எதையோ கணக்குப் பார்ப்பதுபோல அசைந்தது.

பிறகு என்னைப் பார்த்து, மிகவும் அமைதியாகச் சொன்னார். "இப்ப நான் எறங்கலாம்லா. அவ இந்த ஊர்ல இல்ல. சத்தியம் கெடாது."

மாப்பிள்ளைக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவர் செருப்பைக் கழற்றிப் படகிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலால் படியில் இறங்கி, படியிலிருந்து சேற்று மண்ணில் நின்றார். நான் எழுந்துபோய் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தேன். முப்பது வருஷக் குடும்பத்தில் அவரை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். கை வலிக்கும்வரை அடித்தேன். அவர் தடுக்கவில்லை. நான் ஓய்ந்த பிறகு அந்த மொட்டைத் தலைப் பையன் பக்கம் திரும்பினார்.

"வீடு எந்தப் பக்கம் மாப்பிள்ள?" என்று கேட்டார்.