கோப்பியில் நனைத்த துணி

குடிப்பதற்கல்ல, துணி நனைப்பதற்குத்தான் மருத்துவச்சி பிரபாலினி கோப்பி போடுவாள். பாலும் சீனியும் இல்லாத கடுங்கோப்பி. அதைச் சுடுநீரில் கலந்து, துணியை அமிழ்த்திப் பிழிந்து, முதலில் தன் முன்கையில் வைத்துப் பார்ப்பாள். குழந்தையின் தலை வெளிவரும் நேரத்தில் அந்தச் சூடு பிறப்புவாயில் பட்டால் தசை இளகும், கிழிவது குறையும் என்பது இங்கே சுவிஸில் மருத்துவச்சிகள் பலரின் நம்பிக்கை. வீட்டில் அவள் கோப்பி குடிப்பதேயில்லை. "அந்த மணம் வந்தாலே ஆரோ முக்கிற சத்தம் கேக்கிற மாதிரி இருக்கும்" என்பாள்.

இங்கேயே, ஆராவ் நகரில் பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். ஜெர்மனில் யோசித்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைப்பாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. "என்ரை தமிழ் முறிஞ்ச தமிழ், குறை நினையாதையுங்கோ" என்றுதான் எங்களிடமும் தொடங்கினாள்.

என் தம்பி சயனின் மனைவி கலாவதிக்கு எட்டாம் மாதத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு நின்றுபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துப் பிரசவ நோவை வரவழைத்தார்கள். நானும் கூட நின்றேன். பிரபாலினி அவள் இடுப்பில் வெந்நீர்த் துணியை வைத்தாள். கலாவதி அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"செத்த பிள்ளைக்கு என்னத்துக்கு ஒத்தணம்? வெட்டி எடுங்கோ!"

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிரபாலினி வேறொரு துணியை நனைத்தாள்.

"பிள்ளைக்கு இல்லை அக்கா. நோகிறது உங்களுக்கு."

"நோகட்டும்."

"நான் வைக்கிறன். வேண்டாமெண்டால் திரும்பவும் எறியுங்கோ."

கலாவதி திரும்பவும் எறிந்தாள். அடுத்ததை எறியவில்லை. அதை வைத்த கையையும் சேர்த்துத் தன் இடுப்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் கோப்பித் துணி வந்தது. "இப்ப முக்காதையுங்கோ அக்கா, மூச்சு மட்டும் விடுங்கோ. ஓம், அப்பிடித்தான்." உயிருள்ள பிள்ளைக்குச் சொல்வதையே, அதே குரலில் சொன்னாள். பெண் குழந்தை. எல்லாம் தெரிந்திருந்தும் என் காது ஓர் அழுகைக்காகக் காத்திருந்தது. வெட்கங்கெட்ட காது.

கலாவதி மகளை நெஞ்சில் போட்டுக்கொண்டு நெடுநேரம் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். பிறகு கேட்டாள்:

"தங்கச்சி, எனக்குக் கிழிஞ்சிட்டுதோ?"

"இல்லை அக்கா. ஒண்டும் இல்லை."

"இவள் வந்துபோனதுக்கு ஒரு காயம்கூட இல்லையோ?"

"இல்லை."

அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள். தம்பி கட்டிலருகே வந்து முழந்தாளிட்டான். பிரபாலினி தரையில் கிடந்த துணிகளைப் பொறுக்கினாள். இருவரும் போதும் என்று சொல்லும்வரை சுவரோரம் நின்றாள்.

பிறகு குழந்தையைச் சிறு போர்வையில் சுற்றி எடுத்தாள். கழுத்து நிற்காத எந்தப் பச்சைக் குழந்தையையும் தூக்குவதுபோல, ஒரு கையால் பிடரியைத் தாங்கியிருந்தாள். பக்கத்து அறைக் கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனவள், அது அடித்துச் சாத்தாதபடி காலால் பிடித்து, சத்தமில்லாமல் மூடினாள்.